நடித்த மீனும் நடிக்காத மீனும்

வேலாயுதக்குப்பத்துப் புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில் பிள்ளைகள் எதை நடித்துக் காட்டினாலும் மறுநாள் அது ஊரில் நடந்தது. நடித்த அளவுக்குத்தான் நடந்தது. இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொரோனாவுக்கு ஊரடங்கு போட்ட வருஷத்தில்தான் இது தெரியவந்தது, அதுவும் சங்கரா மீன் விஷயத்தில். ஏழு பிள்ளைகள் ஆரஞ்சு சாட்டினில் ஜிகினா ஒட்டிய மீன் உடைகளைப் போட்டுக்கொண்டு, வலை நிறைய மீன் விழுவதாக ஒரு நாடகம் போட்டார்கள். மறுநாள் காலையில் கடலுக்குப் போன அத்தனை ஃபைபர் படகுகளுக்கும் சேர்த்து ஏழே ஏழு சங்கரா விழுந்தது. ஏலம் போடக்கூட ஆகவில்லை. ஆண்கள் கடலைத் திட்டினார்கள், பெண்கள் ஆண்களைத் திட்டினார்கள். அடுத்த வாரம் அதே ஏழு பேர் அதே நாடகத்தைப் போட, மறுநாள் அதே ஏழு சங்கரா வந்து சேர்ந்தபோதுதான் சிலர் புயல் மையத்து மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த உடைகள் கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவிலிருந்த இந்தக் குப்பத்துக்கு வந்ததற்குச் சுவாதிதான் காரணம். சின்னதம்பிக்கும் மங்கம்மாவுக்கும் ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்த கையோடு தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், மேலவீதியை ஒட்டிய சந்தில் மணவாளன் என்பவரின் கடையில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் மாறுவேடப் போட்டிக்கும் உடை வாடகைக்கு விடுகிற கடை. கிளி, மீன், தக்காளி, வக்கீல், ராஜா என்று சகலமும் அங்கே வரிசையாகத் தொங்கும். பள்ளிக்கூடங்களை இழுத்து மூடியதும் தக்காளிக்கும் ராஜாவுக்கும் ஒரே கதிதான். கடையைக் காலி செய்ய வேண்டி வந்தபோது மணவாளன் எல்லாவற்றையும் ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி அவள் வீட்டுக்கு அனுப்பி, "எலி கடிக்காம மட்டும் பாத்துக்கம்மா" என்று போனில் சொன்னார். வீட்டில் ஏது இடம்? ஊர்த் தலைவர் அஞ்சாப்புலியிடம் சாவி வாங்கி, அதுவரை சீட்டாட மட்டும் பயன்பட்டுவந்த புயல் மையத்து மாடியில் கொண்டுபோய்ப் பரப்பினாள். பள்ளிக்கூடமும் இல்லாமல் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள், வெயிலுக்கு விரித்த உடைகளுக்குள் தாமாகவே புகுந்துகொண்டார்கள். விரட்டப் போன சுவாதி பொழுது சாயும்வரை அவர்களோடேயே இருந்துவிட்டாள். கடையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் கொக்கி மாட்டிவிட்டிருக்கிறாள். அவர்கள் மேடையேறி என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது.

மீனுக்குப் பிறகு பஸ். ஊரடங்கில் நின்றுபோன டவுன் பஸ் திரும்பி வருவதாக, கயிற்றுக்குள் வரிசையாக ஓடி நடித்தார்கள். டிரைவராக முன்னால் ஓடிய ஆகாஷ் என்ற பையனின் கைலி அவிழ்ந்துவிட, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கோயில் முனை வரைக்கும் வந்து நின்றான். மறுநாள் பஸ் வந்தது. கோயில் முனையிலேயே நின்றது. டிரைவர் இறங்கி, அவிழ்ந்த பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெல்ட்டுக்குப் பதிலாக ஓர் ஊக்கு கேட்டார். அன்றோடு ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது. பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? தாங்களே மாடியேறி, வலை கிழிகிற அளவுக்கு மீன் அள்ளுவதாக நடித்துப் பார்த்தார்கள். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள்தான் தினமும் வீட்டில் நடிக்கிறார்களே, கடல் எதை என்று நம்பும் என்றாள் மங்கம்மா. சோதித்துப் பார்த்ததில் கல்யாணம் ஆகாதவர்கள் நடித்தால் மட்டுமே பலித்தது. கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு, அவன் ஊர் வரியும் கொடுக்க வேண்டும், சொந்தக் காலிலும் நிற்க வேண்டும் என்பதுதான் குப்பத்து வழக்கம். கடலுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்ததில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஏழு பிள்ளைக்கு ஏழு மீன் என்றால் எழுபது பிள்ளைக்கு எழுபது மீன். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அஞ்சாப்புலி ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பிள்ளை வீதம் நாடகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். கோயில் திருவிழாவுக்கு வரி கட்டுவது போல வீட்டுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் மாடிப்படி ஏறினார்கள். கைக்குழந்தைகூட வந்தது, அதற்கு நெத்திலி வேஷம். உடை போதாமல் மங்கம்மாவும் மற்றப் பெண்களும் பழைய வலையையும் கட்சி ஃப்ளெக்ஸையும் வெட்டி மீன் தைத்தார்கள். ஆகாஷ் ஒரு யோசனை சொன்னான்: ஒவ்வொரு பிள்ளையும் வலையில் விழுந்துவிட்டு, மேடையைச் சுற்றி ஓடிவந்து மறுபடி விழட்டுமே! அப்படி மூச்சிரைக்க ஓடியதில் கூடை கூடையாக மீன் வந்தது. கரையை விட்டு அதிகம் போகவேண்டியதும் இல்லை. கூப்பிடு தூரத்திலேயே விழுந்தது. பக்கத்துக் குப்பங்களும் பிள்ளைகளை அனுப்பின. இளைஞர் நாடகக் குழு என்று அஞ்சாப்புலி ஒரு போர்டு எழுதி மாட்டினார். சுவாதியின் பெயர் அதில் இல்லை. அவளும் கேட்கவில்லை.

காற்றுவாக்கில் செய்தி முந்திரிக்காட்டுப் பக்கமும் போய்விட்டது. காடாம்புலியூரிலிருந்து கலைமணி என்ற முந்திரி விவசாயி ஒரு வேன் நிறையப் பிள்ளைகளோடு வந்து இறங்கினார். பூ எடுக்கிற சமயத்தில் மூடுபனி இறங்கினால் முந்திரி கருகிவிடும். பனி இல்லாத விடியற்காலை ஒன்றை நடித்துத் தர வேண்டும் என்றார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு முந்திரிப் பூ எப்படி நிற்கும் என்று தெரியாததால், கலைமணியின் மகள் காயத்ரி கொத்துக் கொத்தாக நின்று காட்டினாள். மறுநாள் காடாம்புலியூரில் வானம் துடைத்துவிட்டது போல விடிந்தது. அதன்பின் அங்கேயும் ஒரு குழு, முந்திரிக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும். பள்ளிக்கூடங்கள் திறந்ததும் மணவாளன் மறுபடி கடை போட்டு, அதன் மாடியிலேயே சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாவது குழுவைச் சுவாதி தொடங்க இடம் கொடுத்தார். மூன்று ஊருக்கும் பஸ்ஸிலேயே அலைந்தாள். கண்டக்டர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். மகனுக்கு டைஃபாய்டு, குணமாகிற மாதிரி ஒரு சீன் போடேன் என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்பார்கள்.

இப்படியே மூன்று வருஷம் வளர்ந்ததில், வளர்த்தவளுக்கு மட்டும் மனசு நிறையவில்லை. மூன்று ஊரிலும் கூட்டம் அலைமோதியது உண்மைதான். ஆனால் ஒருவராவது நாடகம் பார்க்க வந்தாரா என்றால் இல்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்க்க வந்தார்கள். கடைசி மீன் விழுந்ததும் எழுந்து போய்விடுவார்கள். மேடையில் யாரும் அழக்கூடாது, கோபப்படக்கூடாது, தடுக்கி விழக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வேறு. ஒருமுறை ஒரு சின்னப்பிள்ளை பயத்தில் அழுதது, அழுவது யார் என்று நாடகத்தில் பெயர் சொல்லாததால் மறுநாள் தெருவே காரணம் தெரியாமல் அழுதது. எல்லா நாடகமும் கல்யாணப் பத்திரிகை போல ஒரே மாதிரி, எல்லோரும் நலம், அனைவரும் வருக. ஒரு வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே ஒன்று போட வேண்டும் என்று சுவாதிக்கு ஆசை. அந்த வீட்டில் ஓர் அப்பா இருப்பார், மகளோடு பேசமாட்டார்.

சின்னதம்பி பேச்சில் கஞ்சன். பேசினால் காரம். ஊரே மாடியைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் மட்டும் ஒருநாளும் படியேறியதில்லை. நீரோட்டமும் காற்றும் பார்த்து வலை விட்டுப் பழகிய கைக்கு, கரையோரம் தானாக வந்து விழுகிற மீனை அள்ளுவது பிச்சை எடுக்கிற மாதிரி இருந்தது. அந்த மீனை வீட்டில் சமைக்கவும் விடவில்லை. தூரக்கடலுக்குப் போனால்தான் நடிக்காத மீன் கிடைக்கும் என்று கிளம்புவார். கூடப் போக ஆள் இல்லை. கூப்பிடு தூரத்தில் கிடைப்பதற்கு எவன் டீசல் செலவழித்து அவ்வளவு தூரம் போவான்? தனியாகவே போனார். ஐப்பசியில் மேகம் கருத்திருந்த ஒரு காலையில் சுவாதி வாசலில் மறித்தாள்.

"ஒரே ஒரு நாடகம் வந்து பாரு. பாத்துட்டு அப்பறம் திட்டு."

"எனக்கு நடிச்ச மீனும் வாணாம், நடிக்கிற பொண்ணும் வாணாம்" என்றார் சின்னதம்பி. துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று மாலை காற்று திரும்பியது. அவர் திரும்பவில்லை.

படகுகள் தேடின, கடலோரக் காவல்படை தேடியது, பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் அவருடைய படகின் ஒரு பலகை மட்டும் ஒதுங்கியது. தன்னால் கரைக்கு வந்த மீன்தான் அவரைத் தூரக்கடலுக்குத் துரத்தியது என்று சுவாதிக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும், ஊர் சொல்லவில்லை. அவர் திரும்பி வருவதாக நடித்துவிடலாம் என்று அஞ்சாப்புலிதான் முதலில் வாய் திறந்தார். ஆகாஷ் சின்னதம்பியைப் போலவே நடப்பான், அவனே நடிக்கட்டும் என்றார்கள். சுவாதி விடவில்லை. தானே அவருடைய கைலியைக் கட்டி, கண்மையால் மீசை வரைந்துகொண்டாள். வீட்டுக்குள் வந்து அவர் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்தபோது மங்கம்மா தடுத்தாள்.

"அவுரு அப்பிடிப் பேசமாட்டாருடி. எப்பிடிப் போனாரோ அப்பிடியே வரச் சொல்லு. எனக்கு அது போதும்."

சுவாதி கேட்கவில்லை. வருவது வரட்டும், கொஞ்சம் அன்பாக வரட்டுமே என்று நினைத்தாள். யார்தான் நினைக்க மாட்டார்கள்? நாடகத்தில் சின்னதம்பி நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சாப்ட்டியா கண்ணு என்று மகளைக் கேட்டார். உங்க அம்மா கொழம்பு மாதிரி எங்கயும் கெடையாது என்றார். கடைசியில் மகளின் தலையைத் தடவி, நாடகம் நல்லாருந்துச்சு கண்ணு என்றார். முதல்முறையாக அன்று யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

மறுநாள் அதே வேளைக்குச் சின்னதம்பி தெருவில் நடந்து வந்தார். தலையில் நனைந்த துண்டு. மற்றபடி உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, நாடகத்தில் துண்டை மட்டும்தான் நனைத்திருந்தார்கள். சாப்ட்டியா கண்ணு என்றார். உங்க அம்மா கொழம்பு மாதிரி எங்கயும் கெடையாது என்றார். நாடகம் நல்லாருந்துச்சு கண்ணு என்றார். மங்கம்மா அவரைக் குளிப்பாட்டியபோது மீசை சோப்பில் கரைந்து போய்விட்டது. அவள் கண்மை டப்பாவை எடுத்துவந்து திரும்ப வரைந்துவிட்டாள். தினமும் காலையில் அது ஒரு வேலையாயிற்று.

அடுத்த நாளும் அவர் அந்த மூன்றைத்தான் சொன்னார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வேறு பேச்சே அவரிடம் இல்லை. டாக்டர் வந்து என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, சாப்ட்டியா கண்ணு என்றார். கடல் பக்கம் போகவில்லை, வலையைத் தொடவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார். மனுஷன் வந்து சேர்ந்தாரே, அதைப் பாரு என்று ஊர் சமாதானம் சொன்னது. ஊர் எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். சுவாதியால்தான் பழக முடியவில்லை. எந்த ஒரு சொல்லுக்காகச் சின்ன வயசிலிருந்து ஏங்கினாளோ, அதை இப்போது தினமும் மூன்று வேளை கேட்டாள். நாடகமே போடாத நாளிலும் நல்லாருந்துச்சு கண்ணு. அது தானே எழுதித் தானே வாங்கிக்கொண்ட பாராட்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

குழுவுக்கு அப்போது ஒரு புது வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் புயல் மையத்தில் கூடிச் சின்னதம்பிக்குப் பேச்சு சேர்த்தார்கள். அவர் டீக்கடைக்குப் போகிறார், அஞ்சாப்புலியோடு சீட்டாடுகிறார், நாடகத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார் என்று ஒவ்வொன்றாக நடித்தார்கள். நடித்ததெல்லாம் அவரிடம் ஒட்டிக்கொண்டது. காடாம்புலியூர்ப் பிள்ளைகள் கொடுத்த பேச்சால், முந்திரி மரத்தையே பார்த்திராத அந்த மனிதர் பனி ஜாஸ்தியா என்று தெருவில் போகிறவர்களை விசாரித்தார். பிள்ளைகளின் நடிப்போ இதில் எங்கேயோ போய்விட்டது. ஒரு மனிதர் டம்ளரை எப்படி வைப்பார், கோபத்தை எங்கே வைத்திருப்பார் என்று வீட்டில் அப்பாக்களை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார்கள். மீன் நாடகத்துக்கு வந்த கூட்டத்தைவிட இதற்குக் கூட்டம் அதிகம். தங்கள் வீடு மேடையில் தெரிந்தால் ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள் என்பதைச் சுவாதி கண்டுகொண்டாள். ஆசைப்பட்ட நாடகம் அமைந்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலை கடைசி வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எத்தனை சேர்த்தும் அவர் சின்னதம்பி ஆகவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து சாட்டின் மீன்களை மடித்துக்கொண்டிருந்தபோது காயத்ரி கேட்டாள்.

"அக்கா, எல்லாம் குடுத்தோம். அவுரு கோவத்த மட்டும் நாம குடுக்கவே இல்லியே?"

கொடுக்கத்தான் பயம். அவருடைய கோபம் என்றால் சுவாதிக்குத் தெரிந்தது அந்த ஐப்பசிக் காலை ஒன்றுதான். அதை நடித்தால் மறுநாள் அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார். திரும்பி வருவதையும் சேர்த்து நடித்தாலோ, மறுபடி பொம்மைதான் வரும். நடிக்காமல் விட்டால், வந்தால் வருவார், இல்லையென்றால் இல்லை. கையிலிருப்பதையும் கடலில் விடுவதா? அஞ்சாப்புலி கூடவே கூடாது என்றார். சண்டையை நடித்தால் ஊர் முழுக்கச் சண்டை வரும் என்பது அவர் கவலை. சுவாதி அம்மாவிடம் வந்து நின்றாள். மங்கம்மா மை டப்பாவை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து, கொழம்பு மாதிரி எங்கயும் கெடையாது என்றார். அன்றைக்கு அவள் ரசம்தான் வைத்திருந்தாள்.

"அவுரு இருந்தா தட்டத் தள்ளிவுட்டுருப்பாரு" என்றாள் மங்கம்மா. "போட்டுடு பாப்பா. போறவரு போவட்டும். வந்தா அவுரா வரட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை போட்டார்கள். ஊருக்குப் பரவாமல் இருக்க அப்பன் பெயர், மகள் பெயர், வீட்டு வாசல் எல்லாம் திட்டமாகச் சொல்லித் தொடங்கினார்கள். சுவாதி சின்னதம்பியானாள், காயத்ரி சுவாதியானாள். நடிச்ச மீனும் வாணாம், நடிக்கிற பொண்ணும் வாணாம் என்ற வார்த்தையைத் தன் வாயால் சொல்கிறபோது, அதைச் சொன்னவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சுவாதிக்கு முதல்முறையாகத் தெரிந்தது. துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். நாடகம் அதோடு நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வழக்கம்போல, நாடகம் நல்லாருந்துச்சு கண்ணு என்றது.

மறுநாள் காலை அதே வாசலில் அதே சண்டை நடந்தது. வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. சின்னதம்பி துடுப்போடு இறங்கி, ஆகாஷ் வீட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனார். அதற்குமேல் யாரும் எதையும் நடித்திருக்கவில்லை. ஊர் வேலைவெட்டி இல்லாமல் கரையில் நின்றது. கலைமணி வேனில் வந்து நின்றார். மத்தியானம் வரை கடலில் ஒன்றும் தெரியவில்லை. மங்கம்மா உலை வைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு படகு வந்தது. சின்னதம்பி முழங்காலுக்கு மேல் நனைந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் ஏறினார். பெட்டியில் இரண்டு வஞ்சரமும் நாலைந்து சூரையும் கிடந்தன. அந்த மீன்களுக்குக் குழுவில் உடையே கிடையாது. பெட்டியை மங்கம்மாவின் காலடியில் தொப்பென்று போட்டார். மகளைக் கண்ணெடுத்துப் பார்த்தார்.

"நேத்து துடுப்பத் தூக்குனியே, அப்பிடியா தூக்குவாங்க? வெளக்கமாத்தத் தூக்குற மாதிரி. தோளு எறங்கவே இல்ல. உனக்கு நடிக்கவே வரல, போ. வர்ற வெள்ளிக்கிழம வரேன், காட்டுறேன்."

இந்தப் பேச்சை எந்தப் பிள்ளையும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. கூட்டம் மூச்சுவிட்டது, மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. முந்தின நாள் நாடகத்தில் யாரும் அழவில்லை. இருந்தும் சுவாதி மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மங்கம்மா அரிவாள்மனையை எடுத்துவரச் சொல்லி ஆளனுப்பினாள்.